குறித்த விலைக்கு மேலே தருகிறேன் என்றவன்

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு காலத்தில் கிறைப் வோட்டர் போத்தல்கள் வரிசையாக நின்றன. பச்சைப் பிள்ளைகளுக்கு வயிறு ஊதினால் ஒரு கரண்டி பருக்குகிற அதே மருந்துத் தண்ணீர்தான். வீட்டில் பிள்ளை இல்லை. நானும் மனைவியும் மட்டும். வந்து போகிற சனம் போத்தல்களைப் பார்க்கும், பிறகு என் மனைவியின் வயிற்றைப் பார்க்கும், நல்ல செய்தி ஏதும் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருக்கும், தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடும். அந்தப் போத்தல்கள் அரசாங்கத்தின் சட்டமொன்றால் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மனைவிக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு. கலியாணம் பேசிப் போனபோது அதை வெளியே விடவேண்டாமென்று மாமிமார் அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவள் தேத்தண்ணீர்த் தட்டை என் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டே சொன்னாள்:

“எனக்கு வலிப்பு இரிக்கி. குளிசை போட்டா வராது. பயமெண்டாத் தேத்தண்ணியக் குடிச்சிட்டு எழும்பிப் போங்க, ஒருத்தரும் குறை நினைக்க மாட்டம்.”

“எனக்குப் பயம் இரிக்கி” என்றேன் நான். “அதுக்குக் குளிசையே இல்ல.”

அவள் சிரித்தாள். கலியாணம் அந்த இடத்திலேயே முடிந்தது, மிச்சமெல்லாம் சடங்கு. நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதைப் பின்னாட்களில் அனுபவத்தால் அறிந்தோம்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோகவேண்டும். நானும் ஒரு சூட்கேசோடு கல்லடியில் அவளுடைய வீட்டில் போய் இறங்கினேன். சூட்கேசில் இரண்டு காற்சட்டையும் சாரங்களும். மற்றதெல்லாம் பயம். நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் என்னைப் பகிடிக்கார மாஸ்டர் என்று சொல்வார்கள். ஷெல் விழுகிற சத்தம் கேட்டால் வகுப்பில் முதலில் மேசைக்குக் கீழே போகிறவன் நான்தான் என்பதால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும், அதில் அவர்களுடைய பயம் போய்விடும். இதை நான் ஒரு கற்பித்தல் முறை என்று சொல்லிக்கொள்வேன். அவள் வீட்டிலிருந்து சட்டை தைப்பவள். தலைக்கு மேலே ஹெலி போனாலும் ஊசியில் நூல் கோர்த்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்கவேண்டும், திறப்புக் கோர்வையைக் கொடுக்கவேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அது வேலைக்காகாது, ஆளைப் பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று டொக்டர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வெளியே வந்த கையோடு பெரிய திறப்புக் கோர்வை ஒன்று வாங்கிச் சாரத்து மடிப்பில் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பூட்டென்று இருந்தது ஒன்றுதான். கோர்வையில் கிடந்த மிச்சத் திறப்புகள் எந்தக் கதவுக்குரியவை என்று இன்றைக்கும் தெரியாது.

இனிக் குளிசைக்கு வருகிறேன். அது பெரிய விலைச் சாமானல்ல. கம்பனிப் பெயரும் மினுங்குகிற பெட்டியும் இல்லாமல், மருந்தின் சொந்தப் பெயரிலேயே வருகிற வெள்ளைக் குளிசை. ஆஸ்பத்திரியில் சும்மா தருவார்கள். ஆனால் அந்த யுத்த வருசங்களில் பல மாதம் குளிசைக்குப் பதிலாக, வெளியே எடுக்கச் சொல்லி ஒரு துண்டுதான் கிடைக்கும். வெளியே எடுக்கவும் பயமில்லை, ஏனென்றால் அதன் விலைக்கு அரசாங்கம் வரம்பு போட்டிருந்தது. அதற்கு மேலே ஒரு சதமும் வாங்கக் கூடாது. இறக்குமதி செய்கிறவருக்கு விலை கூட்டவேண்டுமென்றால் கொழும்பில் எழுதிக் கேட்கவேண்டும், அங்கே அவர்கள் யோசித்து ஓமென்று சொல்லவேண்டும், பிறகு அது வர்த்தமானியில் வரவேண்டும். அதுவரைக்கும் பெட்டியின் விலாவில் அடித்த விலைதான், கொழும்புக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான்.

அந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு தனிப் பிரியம் இருந்தது. மண்ணெண்ணெயும் சீனியும் சவர்க்காரமும் காலையில் ஒரு விலை, பாதை பூட்டினால் பின்னேரம் இன்னொரு விலை. மெழுகுதிரி விலையைக் கேட்டால் இருட்டிலேயே இருந்துவிடலாம் போலிருக்கும். அந்த அமளிக்குள் பழைய விலையோடு அசையாமல் இருந்தது அவளுடைய குளிசை ஒன்றுதான். எங்களை யாரென்றே தெரியாத ஒருவர், எங்கேயோ மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு, என் மனைவிக்காக ஒரு கோடு போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். வகுப்பில் நூற்றுவீதக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவரை மனதுக்குள் கும்பிட்டதும் உண்டு.

ஒருநாள் டவுனில் நாங்கள் வழமையாக மருந்து எடுக்கிற பாமசிக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு கோப்பி குடிக்கலாம் என்கிற அளவுக்கு நிதானமான மனுசன். குளிசை இல்லை என்றார்.

“மாஸ்டர், வெளிநாட்டில விலை கூடிற்றாம். இங்கயும் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்காங்க. வர்த்தமானியில புது விலை வருமட்டும் கொழும்புக்காரன் சாமான விடமாட்டான்.”

“மறுகா?”

“மறுகா வரும்.”

எப்போது என்று கேட்டேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். கரண்ட் இல்லாததால் அதுவும் சுற்றாமல் நின்றது. சாமானை விட்டாலும் என்ன, லொறி சோதனைச்சாவடி தோறும் இறக்கி ஏற்றி வந்து சேரும்போது கூலியே குளிசையின் விலையைத் தாண்டிவிடும், அதைக் குறித்த விலைக்கு விற்றால் வீட்டுக் காசைத்தான் கொண்டுவந்து போடவேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. என் சட்டத்திலும் பிழை இல்லை. விலை ஏறாமல் நன்றாகத்தான் இருந்தது. குளிசைதான் ஊருக்குள் இல்லை.

வீட்டில் ஒரு கிழமைக்குப் போதுமான குளிசை கிடந்தது. ஒரு கிழமை என்பது மற்றவர்களுக்கு நீண்ட காலம். நான் அன்று பின்னேரமே கிணற்றுக்குப் பலகை போட்டேன். மேசை மூலைகளுக்குப் பழந்துணி சுற்றினேன். அம்மிக்கல்லை இழுத்துக் கொல்லைக்குக் கொண்டுபோனதில் என் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அடுப்படிக்குள் அவள் போகக் கூடாது, சமையல் என்னுடையது என்று அறிவித்தேன். அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அவள், வலிப்பு எவ்வளவோ மேல் என்றாள்.

“இஞ்சருங்க, என்னையும் ஒரு துணியால சுத்தி அலுமாரிக்குள்ள வைச்சிப் பூட்டிருங்களன். உங்களிட்டத்தான் அவ்வளவு திறப்பு இரிக்கே.”

அவள் வேறொரு வேலையும் செய்திருந்தாள். இருக்கிற குளிசையை நீட்டிவைப்பதற்காக, எனக்குத் தெரியாமல் பாதி பாதியாக உடைத்துப் போடத் தொடங்கியிருந்தாள்.

எனக்கு அது தெரியவந்தது ஒரு பின்னேரம். முன் அறையில் தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். மெசின் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். திரும்ப ஓடவில்லை. எழும்பிப் போய்ப் பார்த்தேன். அவளுடைய கால் மிதிபலகையில் இருந்தது, கை துணியில் இருந்தது, கண் திறந்திருந்தது. ஆனால் அவள் அங்கே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கேட்கவில்லை. விரலுக்கு ஒரு நகக்கண் தூரத்தில் ஊசி நின்றது. பிறகு இமை அடித்தது, மெசின் ஓடியது, என்னை நிமிர்ந்து பார்த்து, என்ன இப்படி நிற்கிறீங்க என்று கேட்டாள். நடுவில் ஒன்று நடந்ததே அவளுக்குத் தெரியாது.

இதைப்பற்றிச் சொல்ல என்னிடம் பகிடி ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் காலை காத்தான்குடிக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். அங்கே கடைகள் அதிகம், வியாபாரத் தொடர்பும் அதிகம். கொழும்பில் இல்லாத சாமானும் காத்தான்குடியில் இருக்கும் என்பார்கள். தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு பக்கத்துச் சனமும் பட்டதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, பயந்து பயந்து மறுபடியும் போக்குவரத்துத் தொடங்கியிருந்த காலம் அது. எனக்கு அந்தத் தெருவில் ஒருவரையும் தெரியாது.

உடுப்பைப்பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் வினையே அதில்தான் தொடங்கியது. சோதனைச்சாவடியில் வாத்தியாரென்றால் கெதியாக விடுவார்கள் என்பதால் நீளக் கைச் சட்டையும் காற்சட்டையும் போட்டிருந்தேன். சட்டைப்பையில் பேனை. கக்கத்தில் ஒரு பைல். அதற்குள் அடையாள அட்டை, கிராம சேவகர் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், கலியாணப் பதிவு, டொக்டர் தந்த துண்டு எல்லாம் இருந்தன. அந்த நாட்களில் பைல் இல்லாமல் வெளியே போகிற ஆம்பிளையும் உடுப்பில்லாமல் போகிற ஆம்பிளையும் ஒன்றுதான்.

முதற்கடை முதலாளி வெள்ளைத் தொப்பியும் நரைத்த தாடியுமாக, சிரித்த முகமாக இருந்தார். வாங்க தம்பி என்றார். துண்டை வாங்கிப் படித்தார். வீட்டில் யாருக்கு என்று கேட்டார், மனைவிக்கு என்றேன். அவருடைய கை மேசைக்குக் கீழே போனது. அந்தக் கை குளிசையோடுதான் வரும் என்று கண்டதும் எனக்குச் சந்தோசத்தில் நாக்குத் தடுமாறிவிட்டது.

“விலை பிரச்சினை இல்ல நாநா. குறிச்ச விலைக்கு மேல போட்டு எடுங்க. எவ்வளவெண்டாலும் தாறன்.”

மேசைக்குக் கீழே கை நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பேனையைப் பார்த்தார், பைலைப் பார்த்தார். கை வெறுமையாகத் திரும்பி மேலே வந்து தாடியைத் தடவியது.

“இல்ல சேர், முடிஞ்சி போச்சி” என்றார்.

தம்பியாகக் கடைக்குள் போனவன் சேராக வெளியே வந்தேன். அதையாவது நான் கவனித்திருக்கவேண்டும். எனக்கு அப்போது கவனமெல்லாம் எங்கே?

இரண்டாவது கடையில், நான் சைக்கிளை நிறுத்தும்போதே ஒருவர் விலைப்பலகையைத் தூசி தட்டி வாசலில் கொழுவிக்கொண்டிருந்தார். எனக்குக் கதிரை தந்தார்கள். கேட்காமலே சர்பத் வந்தது. காத்தான்குடியில் விருந்தோம்பல் பெரிது என்று கேள்விப்பட்டிருந்தேன், அது உண்மையென்று நினைத்துக் குடித்தேன். இந்த முறை பதறாமல் நட்பாகப் பேசிப் பார்ப்போம் என்று, அவர்களுடைய கஷ்டங்களை விசாரிக்கத் தொடங்கினேன். லொறிக் கூலி எவ்வளவு? கொழும்பில் யாரிடம் எடுக்கிறீர்கள்? குறித்த விலைக்கு விற்றால் கட்டாதே, என்ன செய்கிறீர்கள்? வாத்தியார் தொழிலில் வந்த பழக்கம், கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருமட்டும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, எல்லாம் கொன்றோல் விலைக்கே, அரசாங்கம் குறித்த விலைக்கே, விற்கிறோம், சட்டம் நல்ல சட்டம் என்றார். அது என் சொந்தக் கருத்தும் ஆனபடியால் ஆமோதித்தேன். குளிசை மட்டும் இல்லையாம்.

பக்கத்தில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு நின்ற ஒருவர் மிச்சக் காசை எண்ணி, திரும்பவும் எண்ணி, பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

“சேர், நீங்க அடிக்கடி வரவேணும்.”

என்ன அன்பான சனம் என்று நினைத்தேன்.

மூன்றாவது கடையின் கதவு நான் இறங்குமுன் பாதி இறங்கிவிட்டது. தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். பள்ளிவாசலில் பாங்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. நாலாவது கடை முழுக்கவே பூட்டு. தெரு நீளத்துக்கும் விலைப்பலகைகள் தொங்கின. எனக்கு வணக்கம் சொன்னவர்களுக்கு நான் திரும்ப வணக்கம் சொல்லிச் சொல்லிக் கை வலித்தது. குளிசை என்கிற சாமானே உலகத்தில் தீர்ந்துபோய்விட்டது என்ற முடிவோடு எதிர்காற்றில் சைக்கிளை மிதித்து வீடு வந்தேன். வழியெல்லாம் அந்த ஊசியும் விரலும்தான் கண்ணில் நின்றன.

வாசற்படியில் இருந்து அவளிடம் சொன்னேன். இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பப் பார்த்தேன், அவள் விடவில்லை. என்ன சொல்லிக் கேட்டீங்க, அவர் என்ன சொன்னார், மறுகா நீங்க என்ன சொன்னீங்க என்று ஒவ்வொன்றாக நூலைப் பிரிப்பதுபோலப் பிரித்தாள். குறித்த விலைக்கு மேலே தருகிறேன் என்று சொன்னதைச் சொன்னேன். லொறிக் கூலி கேட்டதைச் சொன்னேன். சர்பத்தைச் சொன்னேன். இருமல்காரரைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்தினாள், தோள் குலுங்கத் தொடங்கியது, உடம்பு முழுக்கக் குலுங்கியது, சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் சரிந்துவிட்டாள்.

நான் பாய்ந்தேன். பக்கவாட்டில் படுக்கவைக்கச் சொன்ன டொக்டரையெல்லாம் மறந்துவிட்டு, திறப்புக் கோர்வையை இழுத்து அவளுடைய கைக்குள் திணித்து விரல்களை மூடிப் பிடித்தேன்.

அவள் கண்ணீரோடு திறப்பைத் தூக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த சிரிப்பை நிறுத்த ஏலவில்லை.

“கிறுக்கா உங்களுக்கு? நான் சிரிக்கிறன்” என்றாள், மூச்சு வந்தபிறகு. “உங்கள விலைக் கட்டுப்பாட்டுக்காரன் எண்டெல்லோ நினைச்சிருக்காங்க.”

அவளுக்கு இந்த விசயமெல்லாம் துணி வாங்கப் போகிற கடைகளில் கேட்டுத் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விலைக் கட்டுப்பாட்டு உத்தியோகத்தர்கள் சும்மா ஆள்போல வந்துதான் சாமான் வாங்குவார்களாம். அவசரம் என்பார்கள், பெண்சாதிக்கு வருத்தம் என்பார்கள், விலை பிரச்சினையில்லை என்பார்கள். கடைக்காரர் கூடக் காசை வாங்கிக் கை மூடுமுன் அடையாள அட்டையை நீட்டுவார்களாம். பிறகு வழக்கு, குற்றக்காசு, கடைக்குப் பூட்டு. இந்த நாட்டில் தானாக வந்து கூடத் தருகிறேன் என்கிற வாடிக்கையாளன் ஒருவன்தான், அவன் கொன்றோல்காரன் என்பது கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த பாடம். நான் சைக்கிளில் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போகுமுன் செய்தி எனக்கு முன்னால் போயிருக்கிறது. என் அன்புக்குரிய சட்டம் அன்று ஒரு பகல் முழுக்க என் உருவத்தில் அந்தத் தெருவில் உலாவியிருக்கிறது. இருமல்காரர் ஒருவருக்காவது நன்மை.

மறுநாள் அவளே புறப்பட்டாள். பஸ்ஸில் போனோம். பைலை வீட்டில் வைக்கச் சொன்னாள். அடையாள அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன். காற்சட்டையைக் கழற்றிச் சாரம் உடுக்கச் சொன்னாள். பேனையைப் பறித்தாள். முதற்கடைக்கு எதிரே இருந்த தேத்தண்ணீர்க் கடையில் என்னை இருத்தி, வாயைத் திறந்தால் தேத்தண்ணீர் குடிக்க மட்டும் திறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

அங்கிருந்து எனக்குப் பார்க்கத்தான் முடிந்தது. துண்டை நீட்டினாள். முதலாளி படித்தார். மேசைக்குக் கீழே கை போனது, ஒரு அட்டைக் குளிசையோடு மேலே வந்தது. நான் கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டேன். எடு, வாங்கு, காசைக் கொடு, ஓடிவா என்று மனது கத்துகிறது. இவள் குளிசையைப் புரட்டிப் பார்க்கிறாள். முகத்தைச் சுளிக்கிறாள். தலையை ஆட்டுகிறாள். குளிசையை மேசையில் திரும்ப வைத்துவிட்டாள். அவள் படியிறங்கி ஒரு கால் தெருவிலும் வைத்துவிட்டாள். முதலாளி கூப்பிட்டார். திரும்பிப் போனாள்.

பேரம் பேசியிருக்கிறாள். அரசாங்கம் வரம்பு போட்ட விலையிலிருந்து, ஊரிலேயே இல்லாத குளிசைக்கு, இன்னும் குறைக்கச் சொல்லி. டவுனில் இதைவிட மலிவு என்றும் சொல்லியிருக்கிறாள்.

“கொன்றோல் விலைக்குக் கீழ எப்படித் தங்கச்சி தாற?” என்று அவர் கேட்டதும், அந்தக் குரலில் இருந்த நிம்மதியும் எனக்குப் பிறகு அவள் நடித்துக் காட்டித்தான் தெரியும். பேரம் பேசுகிறவள் மெய்யான வாடிக்கைக்காரி. அவளுக்குக் கொடுக்கலாம், பயமில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. குளிசையோடு இரண்டு போத்தல் கிறைப் வோட்டரும் எடுக்கவேண்டும். அதிலும் அவள் மல்லுக்கட்டி ஒன்றாக்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி தெருவுக்கு எதிரே நோக்கினார். சாரம் உடுத்திருந்தாலும் முகம் அதே முகம்தானே. அவர் கை மறுபடியும் மேசைக்குக் கீழே இறங்கத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். போனேன்.

“பயப்படாதீங்க நாநா. இது என்ட மனுசன். கொன்றோல்காரன் இல்ல, பயந்தாங்கொள்ளி.”

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்கட கடைத்தெருவே நேத்துச் சாப்பிடல்ல தம்பி” என்றார். “கூடத் தாறன் எண்டு வாறவன் ஒண்டில் கொன்றோல்காரன், இல்லாட்டி விசரன்.”

“ரெண்டாவது” என்றேன்.

தம்பி என்ற சொல் திரும்பி வந்துவிட்டது, எனக்கு அழுகை வரப் பார்த்தது. அவர் இருக்கச் சொல்லித் தன் பக்கத்தைச் சொன்னார். இருக்கிறதைப் புது விலை வருமட்டும் பூட்டிவைத்தால் அவருக்கு இலாபம். ஆனால் வலிப்புக் குளிசையையும் நெஞ்சுக் குளிசையையும் பூட்டிவைக்க மனம் வரவில்லை. குறித்த விலைக்கு விற்றால் லொறிக்காரனுக்கே காணாது. கூட விற்றால் வழக்கு, கோடு கச்சேரி. யோசித்து யோசித்துக் கண்ட வழிதான் இது.

“குளிசைக்குச் சட்டம் இரிக்கி. வாயுத்தண்ணிக்குச் சட்டம் இல்ல” என்றார். “லொறிக் கூலிய நான் போத்தல்ல போட்டிரிக்கன். இதுவும் பிழைதான் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா குளிசை போகவேண்டிய வீட்டுக்குப் போகுது.”

கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கணக்கில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. இந்த முறை லொறிக் கூலி எவ்வளவு என்று நான் கேட்கவும் இல்லை. மாதாமாதம் வந்து எடுக்கச் சொன்னார், தங்கச்சிக்கு என்று ஒதுக்கி வைப்பாராம். நான் தனியாக வரவேண்டாம் என்றும் சொன்னார், அது பகிடிக்கு.

திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். பையைக் கிண்டிய சிப்பாய்ப் பொடியன் கிறைப் வோட்டரைத் தூக்கிப் பிடித்து, முகமெல்லாம் சிரிப்பாகி, “பேபி?” என்று கேட்டான். ஊரில் அவனுக்கு ஒரு குழந்தை இருந்திருக்கவேண்டும். அவள் யோசிக்காமல் விரலை நீட்டி என்னைக் காட்டினாள். அவன் என்னைப் பார்த்தான், வரிசையில் நின்ற சனம் பார்த்தது. துவக்குக்கு முன்னால் எல்லோரும் சிரித்த ஒரு நாளை அந்த வருசங்களில் நான் வேறு கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு முழுக் குளிசையை எடுத்து, என் கண் முன்னாலேயே போட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் கிறைப் வோட்டரைத் திறந்தேன். சில நாளாகவே என் வயிறு பதற்றத்தில் தவில்போல நின்றது. ஒரு கரண்டி குடித்தேன். ஏவறை வந்தது. நல்ல மருந்து, பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்து வீணாக்குகிறார்கள்.

அப்படித்தான் போத்தல்கள் வந்தன. நான் குடிக்கிற வேகத்தைவிட அவை வருகிற வேகம் கூட. மெசின் நின்றால் எழும்பி ஓடுவதை நான் நிறுத்தவில்லை, நூல் அறுந்துதான் நின்றது என்று கண்டபிறகு திரும்பி வந்து கொப்பி திருத்துவேன். அந்தப் பின்னேரம் போல இன்னொரு பின்னேரம் எங்களுக்கு வரவில்லை.

கடைசியில் வர்த்தமானி வந்தது. விலை கொஞ்சம் ஏறியது, நான் பயந்த அளவுக்கு இல்லை. டவுனிலும் குளிசை கிடைத்தது. ஆனால் நாங்கள் காத்தான்குடிக்கே போனோம். முதலாளி குளிசையை மட்டும் மேசையில் வைத்தார். போத்தல் எங்கே என்று கேட்டேன். இனித் தேவையில்லை, புது விலை கட்டும் என்றார். எனக்கு ஏனோ மனம் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் அருகில் நின்று பார்த்துப் படித்த பாடத்தை ஒருமுறை செய்து பார்ப்போமென்று, முகத்தைச் சுளித்து, குளிசையைப் புரட்டிப் பார்த்து, டவுனில் இதைவிட மலிவு என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார்.

“நல்லாப் பழக்கிட்டீங்க தங்கச்சி” என்றார். விலையில் ஒரு சதம் குறைக்கவில்லை. ஒரு போத்தலை எடுத்து, காசில்லாமல் என் கையில் வைத்தார்.

மகள் பிறந்தபோது அலுமாரியைத் திறந்து பார்த்தோம். எல்லாப் போத்தலுக்கும் திகதி முடிந்திருந்தது. புதிதாகக் காசு கொடுத்து ஒன்று வாங்கினேன், பேரம் பேசித்தான்.

மகளும் வளர்ந்துவிட்டாள். மனைவி இன்றைக்கும் அதே வெள்ளைக் குளிசைதான் போடுகிறாள். இப்போதும் சில நாட்களில் பாமசிக்காரர், விலை மாறப் போகுதாம், அடுத்த கிழமை வந்து பாருங்க என்பார். நான் வெறுங்கையோடு வீட்டுக்குள் வந்தால் அவள் என் முகத்தை ஒருமுறை பார்ப்பாள். ஆணியில் தொங்குகிற அந்தத் திறப்புக் கோர்வையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, “பிடிச்சிக்கிட்டு இரிங்க, நான் போய் எடுத்திட்டு வாறன்” என்று செருப்பைப் போடுவாள்.

நான் பிடித்துக்கொண்டு இருப்பேன்.